முடிச்சில்லாத வேர்க்கடலைச் செடி

நல்ல செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நோஞ்சான் செடிக்குக் காவல் இருப்பதுதான் எங்கள் தொழில். பத்திரமாக வைத்த எதையாவது யாரோ ‘சரிசெய்து’ கொடுத்து நொந்துபோனவர்கள் மேலே படிக்கலாம்.

முனியம்மாவின் உபகாரம்

எண்பத்தேழு கடைசியில், திருமுல்லைவாயிலில் ஒரு குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டிருந்தோம். கடலை வேரில் கடுகு போல முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துச் செடிக்குக் கொடுக்கும். அபூர்வமாக, முடிச்சே போடத் தெரியாத செடி ஒன்று பிறக்கும். சத்தில்லாமல் மஞ்சளடித்து நிற்கும். பரம்பரையில் எது கெட்டு இப்படியானது என்று கண்டுபிடிக்க எங்கள் பேராசிரியருக்கு அதன் விதை வேண்டும். மார்ச்சுக்குள் கிடைக்காவிட்டால் திட்டம் முடிந்தது, என் வேலையும்.

பதினோரு மஞ்சள் செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பினால், களையெடுக்க வந்த முனியம்மா பத்தைப் பிடுங்கி வரப்பில் வெயிலில் காயப் போட்டிருந்தார். குச்சியைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“சீக்கு புட்ச்சதுக்குத்தான் அடையாளம் வச்சிகினு போயிருக்கேன்னு நென்ச்சேன். அந்த ஒண்ணுல மண்ணு கெட்டியா கீது, வர்ல. நீயே புடுங்கிக்க நைனா.”

வீட்டுக்காரரின் விசாரணை

அந்த ஒன்றைப் பெயர்த்து, வேரில் முடிச்சில்லை என்று பார்த்துக்கொண்டு, தொட்டியில் வைத்து, நெமிலிச்சேரியில் நான் குடியிருந்த மாடிக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் தங்கராஜ் திருநெல்வேலிக்காரர், ஆவடியில் ஃபோர்மேன். சொந்த ஊர், சாப்பாடு, வரப்போகும் விருந்தாளிகள் வரை விசாரித்த பிறகே எனக்குச் சாவி கொடுத்தவர்.

தொட்டியையும் விட்டுவைக்காமல் விசாரித்தார். செடியும் உங்களைப் போலத்தான் என்றேன். பாக்டீரியா வாசலில் வந்து சேதி சொல்லும். சரியான சேதி என்றால் வேர் உள்ளே விடும். கோடிக்கணக்கான வருஷங்களாக நடக்கும் ஏற்பாடு. இந்தச் செடிக்கு அந்தச் சேதி காதில் விழாது.

“விசாரிச்சு ஆள் விடுதது நல்ல பழக்கந்தான் தம்பி. யாரையுமே விடமாட்டேன்னா பொறவு வீட்டை யாரு பாத்துக்கிடுவா?”

கரும்பச்சை

பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். மஞ்சள் செடி கரும்பச்சையாகப் பூத்து நின்றது. முடிச்சுப் போட்டுவிட்டதோ என்று தொட்டியருகே குனிந்தேன். தங்கராஜ் பின்னாலேயே மாடியேறி வந்தார்.

“பாத்தா பாவமா இருந்துச்சு. தென்னைக்கு வச்சிருந்த யூரியாவுல தெனம் ஒரு சிட்டிகை கரைச்சு ஊத்தினேன். படிச்ச புள்ள, இதுகூடத் தோணலியே உங்களுக்கு?”

பேராசிரியரின் சந்தேகம்

பிப்ரவரியில் பேராசிரியர் வந்து செடியைப் பிடுங்கினார். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. கொத்தாகப் பதினாறு கடலை. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. யூரியாவிலேயே தழைச்சத்து கிடைத்தால் நல்ல செடியே முடிச்சுப் போடச் சோம்பல்படும். இது பிறவிக் குறையா, தங்கராஜின் தயவா என்று கேட்டார். யூரியாவுக்கு முன்பே வேரைப் பார்த்தேன் என்றேன். நான் பார்த்ததற்கு நான் மட்டுமே சாட்சி என்றார். கடலையை விதைத்து, யூரியா காட்டாமல் வளர்த்து, மறுபடி வேர் பார்க்க வேண்டும். ஒரு வருஷ நீட்டிப்பு கேட்டு அன்றே எழுதினார்; கிடைத்தது, என் வேலையும் தப்பியது.

நடந்ததைத் தங்கராஜிடம் சொன்னேன்.

“அடுத்த மார்ச்சு வரதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, யூரியா எடுத்து வைக்கேன்.”

நான் வேர் பார்த்த வரையில், முடிவு தெரிந்துவிட்ட ஆராய்ச்சியைப் போல ஆளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது வேறெதுவும் இல்லை.