குளச்சல் பஸ்ஸில் அந்நிய பாஷை

எனக்குப் பார்வை கிடையாது. லேப்டாப் வாசிக்க வாசிக்க, அதைக் கேட்டுத்தான் புரோகிராம் எழுதுறேன். அது வாசிக்கிறது இங்கிலீஷ்ல, எனக்குப் பழகின வேகத்துல. மத்தவங்களுக்கு ஒரு எழவும் புரியாது.

போன மாசம் ஆபீஸ்ல பைத்தான்ங்கிற புரோகிராம் மொழிக்கு மாறிட்டோம். "பிராக்கெட் தொல்லையே இல்ல, பாத்தாலே புரியும்"னார் டீம் லீடர்.

எது எதுக்குள்ள அடங்கும்னு முன்னால பிராக்கெட் சொல்லும். இப்போ வரிக்கு முன்னால விடுற காலி இடம்தான் சொல்லுது. லேப்டாப் அதையும் விடாம எண்ணும். ஃபோர் ஸ்பேஸ், எய்ட் ஸ்பேஸ், ஃபோர் ஸ்பேஸ்.

இன்னைக்கு புரோகிராம்ல ஒரு தப்பு. மத்தியானம் முழுக்க லீடர் உத்துப் பாத்தும் சிக்கல. போற வழியில கேட்டுப் பாப்போம்னு நாகர்கோவில்ல பஸ் ஏறினேன். ஹெட்போன் செத்துப்போச்சு. சத்தமாவே போட்டேன்.

பக்கத்து சீட் அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தாங்க.

"லேப்டாப்புல யாரோ அந்நிய பாஷையில ஜெபிக்காவ போல. ஆனா பெந்தெகொஸ்தேக்காரங்க நகை போடமாட்டாவளே, நீ கம்மல் போட்டிருக்கியே மக்கா, எந்த சபை?"

"ஜெபம் இல்லக்கா. பைத்தான்."

"புது சபையா?"

விளக்கினேன். தப்பு சிக்கலன்னும் சொன்னேன். "நாங்க மாதாகிட்ட கேப்போம்"னு ஜெபமாலையை எடுத்து முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க.

இரணியல் தாண்டினதும், எய்ட் ஸ்பேஸ் வரவேண்டிய ஒரு வரிக்கு ஃபோர் ஸ்பேஸ்னு கேட்டுது. அதான் தப்பு. அக்காகிட்ட சொன்னேன்.

"ஆபீஸ்ல மாதா பேரைச் சொல்லணும், கேட்டியா"ன்னுட்டு அக்கா இறங்கிட்டாங்க.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு நாளைக்கு லீடர் கேப்பார். மாதான்னு சாட்சி சொல்லவா, இல்ல பாத்தாலே புரிஞ்சுதுன்னு சொல்லவா?