செல் இல்லாத தட்டு

கொழுப்பை வெட்டும் ஒரு நொதி, உயிருள்ள செல்லுக்குள் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கென்று ஒரு சாயம் உண்டு. தானாக ஒளிராது, நொதி அதை வெட்டினால்தான் பச்சையாக ஒளிரும். இதற்காக எங்கள் ஊர் ஏம்பலத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்குப் போனேன்.

மூன்றாம் வருடம் வம்பு தொடங்கியது. நொதியை முடக்கும் மருந்து போட்டும், செல் வளர்த்த என் தட்டு பச்சையாகவே ஒளிர்ந்தது. எனக்கு முந்தினவர்கள் யாரும் மருந்துத் தட்டு வைத்துப் பார்த்ததே இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர் என் கையைப் பார்த்தார்.

"நாத்து நட்ட கை, பைப்பெட் சரியா பிடிக்கல. அந்தத் தட்ட விட்டுட்டு மத்தத வச்சு எழுதும்மா."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா இன்றும் அடுத்தவர் வயலில் நடுகிறாள், விடுமுறையில் நானும் நட்டிருக்கிறேன். அதற்கு வெட்கப்பட நான் ஆளில்லை.

எங்கள் ஆய்வகத்தில் சாயம் ஊற்றும் முன் செல்களை ஒரே தடவைதான் அலசுவார்கள். அதற்கு மேல் அலசினால் செல் பெயர்ந்துவிடும் என்று பயம். வேர் அறாமல் நாற்றைச் சேறு போக அலசிப் பழகிய எனக்கு அந்தப் பயம் இல்லை. ஓரமாக, மெதுவாக, மூன்று தடவை அலசினேன். மருந்துத் தட்டு இருண்டது. மருந்து போடாததில் மங்கலாக ஒரு பச்சை, செல்லுக்குள்ளே மட்டும்.

அப்படியானால் இத்தனை நாள் ஒளிர்ந்தது எது? செல்லே இல்லாத தட்டில், செல்களுக்கு உணவாக ஊற்றும் சீரத்தையும் சாயத்தையும் மட்டும் விட்டேன். பளிச்சென்று பச்சை. ஒரே அலசலில் போகாமல் தங்கிய சீரத்தின் நொதியே சாயத்தை வெட்டியிருக்கிறது; எங்கள் மருந்து அதை முடக்கவில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் அந்தத் தட்டைப் படமெடுத்துக் காட்டினேன்.

"அப்ப நாம போட்ட பேப்பரெல்லாம் தப்புன்றியா?" என்றார் பேராசிரியர்.

"நடாத வயல்ல பயிர் நிக்குது சார். அத நான் அறுக்க மாட்டேன்."

அந்தப் படம் ஆய்வேட்டில் இருக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் எழுந்து போனார்.

"இன்னாடி, ஒரு படம்தானே? எடுத்துட்டு பட்டத்த வாங்கினு வூட்டுக்கு வா" என்கிறாள் அம்மா. பட்டம் கிடைக்காமலே போய்விடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பேராசிரியர் நான்கு தடவை ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாளைக்கு ஐந்தாவது தடவையாகக் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். படத்தை இப்போது முழுப் பக்கத்துக்குப் பெரிதாக்கியிருக்கிறேன்.