கால் படாத இடம்

டிரெய்லர் என்று சொன்னால் எல்லோரும் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றும் வண்டி என்றுதான் நினைக்கிறார்கள். எங்களுடையது அது இல்லை. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு சின்ன அறை. உள்ளே இரண்டு படுக்கை, மடக்கு மேசை, ஸ்டவ் வைக்க ஒரு பலகை, ஜன்னலுக்குத் திரை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போகலாம், போன இடத்தில் படுத்துத் தூங்கலாம். நான் பிறப்பதற்கு முன்னாலேயே செய்த வண்டி. பெங்களூரில் யாரோ ஒருவர் கொட்டகையில் கோழி அடைத்து வைத்திருந்ததை என் வீட்டுக்காரர் வாங்கி இழுத்து வந்தார்.

"கோழிப்பீ கழுவறதுக்கா என்னைக் கட்டிக்கினு வந்தே?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். கழுவியது நான்தான். திரை தைத்ததும் நான்தான். மூன்றே மாதத்தில் அந்த வண்டியை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவளாக ஆகிவிட்டேன்.

அவர் அப்போது சித்தூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட்டில் வெல்டர். அவர் கை வைத்த வெல்டிங்கைப் பார்க்கப் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆள் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதற்கென்ன இப்போது? அவருடைய தம்பி லாரி டிரைவர். லீவு கிடைத்தால் ஜீப்பை அவர்தான் ஓட்டுவார். காணிப்பாக்கம், ஏலகிரி, பலமநேர்ப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணம் என்று வருஷத்துக்கு நாலைந்து பயணம். இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து போகிற வழியெல்லாம் ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டே வருவார்கள். அண்ணன் தம்பி அப்படி ஒட்டிக்கொண்டிருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வண்டியின் முன்பக்கத்தில் நீளமாக ஒரு சதுர இரும்புப் பைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியைத்தான் ஜீப்பின் கொக்கியில் மாட்டுவது. நாங்கள் அதை மூக்கு என்போம். அந்த மூக்கு வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேரும் இடம் கொஞ்சம் ஆடுகிறது என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை தகடு வைத்து வெல்டிங் அடித்தார். அடித்த ஒரு மாதத்தில், பலமநேரிலிருந்து திரும்பும்போது, மொகிலி மலை இறக்கத்தில் மூக்கு முறிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கொழுந்தனார் மட்டும் ஜீப்பில். கழன்ற வண்டி ஜீப்பின் முதுகில் மோதி, ஜீப் கவிழ்ந்து, அவருக்கு இடுப்பு நொறுங்கிவிட்டது.

அங்கே கூடிய கூட்டத்தில் யாரோ ஒருவன் சொன்னான், "வெல்டிங் உட்டுப்போச்சுப்பா." அவன் யார், அவனுக்கு என்ன தெரியும், ஒன்றும் கிடையாது. ஆனால் அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் வாயிலும் அதுதான். மூன்று ஆபரேஷன் முடிந்து கண் திறந்த கொழுந்தனார் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "உன் கைய நம்பித்தானேண்ணா ஓட்டுனேன்."

திட்டியிருந்தால் பரவாயில்லை. அடித்திருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். அந்த வார்த்தைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. எட்டு வருஷம். கொழுந்தனாருக்கு லாரி போயிற்று, காலை இழுத்து இழுத்து நடக்கிறார், பாகாலா ஸ்டேஷனருகே செல்போன் கவர் விற்கிற சின்னக் கடை. என் வீட்டுக்காரர் வெல்டிங் ஹோல்டரைத் தொடவேயில்லை. "வேணாம்மே, இது கொலகாரக் கை" என்றார். சித்தூரைக் காலி செய்து திருப்பதிக்கு வந்தோம். ஒரு லாட்ஜில் யாத்ரீகர்களின் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி அடுக்கும் வேலை. தெருவில் எங்காவது வெல்டிங் வெளிச்சம் தெரிந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். முறிந்த மூக்கோடு வண்டியை பங்காருபாளையத்தில் தெரிந்தவர் மாந்தோப்பில் தள்ளிவிட்டிருந்தோம். "ஒரு வாட்டி போய்ப் பாருங்க, எங்க உட்டுதுன்னு" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "பார்த்து இன்னா பண்றது?" என்பார். அதோடு சரி.

சென்ற வருஷம் தோப்புக்காரர் போன் செய்தார். தோப்பைக் கைமாற்றிவிட்டாராம், வண்டியை எடுங்கள் இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போகும் என்றார். இவரிடம் சொன்னேன். "போவட்டும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். எட்டு வருஷமாக இந்த மனுஷன் பொணம் மாதிரி எழுந்து பொணம் மாதிரி படுக்கிறார், அந்த வண்டியும் போய்விட்டால் பழைய ஆளின் அடையாளம் என்று ஒன்றுமே இருக்காது. "நீ வராட்டி போ, நான் நிமித்திக் காட்றேன்" என்று கிளம்பிவிட்டேன். வண்டி நிமிர்ந்தால் ஆளும் நிமிர்ந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

சித்தூரில் இவரோடு வேலை பார்த்தவர் இப்போது தனியாக ஷெட் வைத்திருக்கிறார். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார், என்னை வதினா என்பார், அதாவது அண்ணி. அவர் வண்டியை இழுத்து வந்து, மேல்கூட்டைத் தனியாகத் தூக்கி டிரம்களின் மேல் நிறுத்தி, வெறும் சேஸிஸை வெளியே எடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் நான் திருப்பதியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேன். பாகாலாவில் ரயில் நிற்கும்போது மட்டும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் துருவை எடுத்தார்கள். குறுக்குச் சட்டங்களில் இரண்டு மட்டும் மாற்ற வேண்டியிருந்தது, மற்றவை கல் மாதிரி இருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியாக மூக்கு. மண்ணில் புதைந்து கிடந்த பாதி மூக்கு அது. "வதினா" என்று ஷெட்காரர் கூப்பிட்டார். "இக்கட சூடண்டி," இங்கே பாருங்கள் என்று. கிரைண்டர் வைத்துச் சேற்றையும் பெயிண்டையும் எடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் அடித்த வெல்டிங், சுற்றிலும் ஒரு இழைகூட விடாமல், அப்படியே இருந்தது.

"அண்ணா வெல்டிங் உடவே இல்ல வதினா. பைப்புதான் முறிஞ்சிருக்கு, ஒரு ஜாண் தள்ளி."

எனக்கு அந்த இடத்திலேயே குலவை போடலாம் போலிருந்தது. "அடப்பாவிகளா, எட்டு வருஷம்டா!" என்று அழுதுகொண்டே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுத்தியலை எடுத்துப் பைப்பில் தட்டினார். அது உள்ளே போனது. பப்படம் மாதிரி பொத்துக்கொண்டது. "இவ்ளோ கெட்டிப் பைப்பு இப்படி ஏன் ஆச்சு? மத்த சேஸிஸ் நல்லா கீதே" என்று அவரே கேட்டுக்கொண்டு, மிச்சமிருந்த பைப்பை நீளவாக்கில் அறுத்துப் பிளந்தார்.

உள்ளே மஞ்சள் நிறத்தில் சேறு காய்ந்து கிடந்தது. அதில் ஊதுவத்திக் குச்சிகள். ஐம்பது அறுபது இருக்கும். கருத்துப்போன பூ நார். அட்சதை அரிசி.

நான் அப்படியே டிரம்மைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சித்தூர் வாடகை வீட்டில் முற்றம் முழுக்கச் சிமெண்ட். ஒரு துளசித் தொட்டி வைக்கக்கூட வீட்டுக்காரம்மா விடமாட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் என் பிள்ளையாருக்குப் பால், தயிர், எலுமிச்சை, மஞ்சள் என்று அபிஷேகம் செய்வேன். அந்தத் தண்ணீரைக் கால் படும் இடத்தில் ஊற்றக்கூடாது. செடி இல்லை, மண் இல்லை, சாக்கடையில் ஊற்றினால் பாவம். எங்கே ஊற்றுவது? முற்றத்தில் நின்ற வண்டியின் மூக்கில், மேல்பக்கம், எப்போதோ போல்ட் இருந்து கழன்ற ஒரு ஓட்டை. வண்டிக்கும் பூஜை செய்வேன் அல்லவா, அந்த ஓட்டையில்தான் ஊதுவத்தி செருகுவேன். ஒருநாள் அதிலேயே சொம்புத் தண்ணீரையும் ஊற்றினேன். யார் காலும் படாது, வண்டிக்கும் சாமி துணை. ஒன்பது வருஷம், வெள்ளி தவறாமல் ஊற்றினேன். அது உள்ளே போய் எங்கே போகிறது என்று இந்த மண்டைக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பயணம் கிளம்பும் நாளில் தம்பி பத்திரமாக ஓட்ட வேண்டும் என்று இன்னொரு சொம்பு சேர்த்து ஊற்றியிருக்கிறேன். சொல்லவே வாய் கூசுகிறது.

ஷெட்காரர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நேனு எவரிகி செப்பனு வதினா" என்றார், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று. "இந்தத் துண்டை ஸ்கிராப்ல போட்டுட்றேன். வெல்டிங் மட்டும் போட்டோ எடுத்து அண்ணாவுக்குக் காட்டுங்க. போதும்."

போதும்தான். ஒரு நிமிஷம் சரி என்றே சொல்லியிருப்பேன். ஆனால் போட்டோவைப் பார்த்தால் இவர் முதலில் கேட்கப்போவது "பைப்பு ஏன் முறிஞ்சுது?" என்பதுதானே. வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வெல்டிங்கோடு சேர்த்து அந்தத் துண்டை அறுத்து வாங்கி, மாவுச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். மடியில் வைத்த சாக்கிலிருந்து மஞ்சள் மண் புடவையில் உதிர்ந்துகொண்டே வந்தது. பாகாலாவில் ரயில் நின்றபோது முகத்தை மூடிக்கொள்ளவில்லை. இறங்கிப் போய்க் காலில் விழுந்துவிடலாமா என்று நினைத்தேன். சாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ரயில் கிளம்பிவிட்டது.

இவர் டியூட்டி முடிந்து வந்தார். கூடத்தில் பேப்பர் விரித்துத் துண்டை வைத்திருந்தேன். "இன்னாமே இது?" என்றவர் அடுத்த நொடி குந்தி உட்கார்ந்துவிட்டார். கட்டை விரலால் வெல்டிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். திரும்பவும் தடவினார்.

"நிக்குதுமே" என்றார். "என் வெல்டு நிக்குதுமே."

அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவர் அம்மா செத்தபோதுகூட. அழுகை அடங்கிய பிறகுதான் பைப்பின் உள்பக்கத்தைப் பார்த்தார். ஒரு குச்சியை உருவி எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க ஊத்துனேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

என்னை அறைவார் என்று நின்றேன். அறையட்டும் என்றும் நினைத்தேன். அவர் குச்சியைப் பேப்பரில் வைத்துவிட்டு, "தம்பி நெம்பரு கீதா உங்கிட்ட?" என்று கேட்டார்.

இருந்தது. நானே போட்டுக் கொடுத்தேன். பழைய ஷெட் சத்தத்தில் இவருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மறுமுனையில் எடுத்தார்கள்.

"டேய், நான்தாண்டா."

கொழுந்தனார் போனை வைக்கவில்லை.

"வண்டிய அறுத்தாங்கடா. வெல்டு உடலடா. பைப்பு உள்ளாற துருப்புடிச்சிப் போயிருக்குது. மழத் தண்ணி பூந்திருக்குது."

மழைத் தண்ணி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் என் பக்கமே திரும்பவில்லை.

கொழுந்தனார் பேசினார். "மழத் தண்ணி பூந்தா நீ பார்க்க வேணாவா? ஒரு தட்டுத் தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். நீ வெல்டருதானே?"

"ஆமாண்டா" என்றார் இவர். "நான்தான் பார்த்திருக்கணும். என் தப்புதான்."

எட்டு வருஷம் தெரியாமல் சுமந்தார், இப்போது தெரிந்தே சுமக்கிறாரே இந்த மனுஷன்! போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கியதில் அவர் மணிக்கட்டில் என் நகம் கீறிவிட்டது.

"தம்பி, மழ இல்ல தம்பி. நான் ஊத்துன தண்ணி. சாமி தண்ணிய அந்த ஓட்டயில நான்தான் ஊத்திக்கினு இருந்தேன். உங்கண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. உன் இடுப்ப ஒடச்சது நானு."

ஸ்பீக்கரில் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது. யாரோ வாடிக்கையாளர் ஏதோ விலை கேட்டார்.

"போன அண்ணங்கிட்ட குடு" என்றார் கொழுந்தனார். அண்ணி என்று சொல்லவில்லை.

கொடுத்தேன். இவர் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், "துன்னியாடா?" என்று கேட்டார். மாலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டு விசாரிப்பு. மறுமுனையில் ஒரு கேவல் கேட்டது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

புது மூக்கை என் வீட்டுக்காரரே சித்தூர் போய் அடித்தார். அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஓட்டை வைத்து, மேலே ஒரு பொட்டு இடம்கூட விடாமல் மூடிவிட்டார். அன்றைக்குக் கொழுந்தனாரும் வந்திருந்தார். கைத்தடியோடு ஆட்டோவிலிருந்து இறங்கி, சேஸிஸைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் வந்தார், குனிய முடியாமல் குனிந்து வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார், "கை இன்னும் அப்பிடியே கீதுண்ணா" என்றார். இரண்டு பேரும் பழையபடி கிண்டலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஷெட் முழுக்கச் சிரிப்பு.

நான் எல்லாருக்கும் டீ ஊற்றினேன். கொழுந்தனாருக்கும் தம்ளரை நீட்டினேன். வாங்கினார். குடிக்காமல் பக்கத்து டிரம்மின் மேல் வைத்துவிட்டு அண்ணனோடு பேச்சைத் தொடர்ந்தார். அது ஆறிப்போகும்வரை நான் அங்கேயே நின்றேன். ஆறியதை வெளியே கொட்டினேன். தம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன்.