இறைக்கக் கூடாத கிணறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அது தெரியும். குழாய் பதிக்க வந்தவர்களுக்கும் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அரியாலையில் கடல்நீரேரிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அதற்குப் பிறகு கரை வரைக்கும் உள்ள கிணறெல்லாம் சவர், உப்புக் கரிக்கும், வாயில் வைக்க ஏலாது. எங்களுடையதுதான் அந்தப் பக்கத்தின் கடைசி நல்ல தண்ணிக் கிணறு. மலையும் ஆறும் இல்லாத ஊர் எங்களுடையது. மாரியில் பெய்கிற மழை நிலத்தடி முருகைக்கல்லுக்குள் இறங்கி நிற்கும். அதைத்தான் வருசம் முழுக்க அள்ளிக் குடிக்கிறோம்.

அந்தத் தண்ணிக்குத்தான் அவள் வருவாள். குருநகரில் பிறந்து, எங்கள் கரையில் கலியாணம் முடித்தவள். புருசன் நீரேரியில் மீன்பிடித் தொழில். ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளின் பின் கரியரில் இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்ரிக் தண்ணிக் கானைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். கான் நிறைகிற நேரத்துக்குள் நான் கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவேன். கிணற்றடிக் கல்லில் இருந்து தேத்தண்ணி குடிப்போம். ஊர்க்கதை முழுக்க அங்கேதான். என்னுடைய தேத்தண்ணி நல்லாயிருப்பது என் கைராசியால் இல்லை, கிணற்றின் ராசியால்தான் என்று அவள் சொல்லாத நாளில்லை. இருபது வருசத்துக்கு மேலாக இப்படி. எனக்குக் கூடப்பிறந்த தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் இவ்வளவு கதைத்ததில்லை.

அவளுடைய மகளுக்கு இது தலைப்பிள்ளை. வயிற்றில் ஏழு மாதம் என்றபோதே அவள் என்னிடம் சொல்லிவைத்தாள், பிள்ளையோடு வீட்டுக்கு வந்தால் தாய்க்குக் குடிக்கவும் குழந்தைக்குக் குளிக்க வார்க்கவும் எங்கள் கிணற்றுத் தண்ணிதான் என்று. நான், கிணற்றையே தூக்கிக்கொண்டு போ, யார் மறித்தது என்றேன். வாய்க்கு வந்தபடி சொன்னதுதான், ஆனால் மனதாரச் சொன்னேன். குழந்தை பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று பிறகு நானும் விரல் மடித்து எண்ணத் தொடங்கினேன்.

அந்தக் கோடையில்தான் குழாய் வந்தது. தூரத்திலிருந்து ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டுவரப் போகிற பெரிய குழாய். எல்லோரும் சந்தோசப்பட்டோம், நானும்தான். எங்கள் வாசல் படலைக்கு முன்னால் பெக்கோ இயந்திரம் கல்லை உடைத்து உடைத்து இறங்கியது. ஓராள் ஆழத்துக்குக் கீழே போனதும் கல் வெடிப்புகளுக்குள்ளால் தண்ணி பீறிக்கொண்டு வந்தது. வெட்டின கிடங்கு காயாவிட்டால் குழாயைப் பொருத்த ஏலாதாம். இரண்டு பெரிய மோட்டர்களைப் பூட்டி, ஒரு கிழமைக்கு மேலாக, நிற்பாட்டாமல் அந்தத் தண்ணியை இறைத்து வாய்க்காலில் விட்டார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணி. அவ்வளவும் வீணாகப் போனது. படலையில் நின்று நாள் முழுக்க ஏசினேன். மேற்பார்வைக்கு நின்றவர் பொறுமையான மனிசர். தண்ணிக் குழாய்தானே அம்மா பதிக்கிறோம், நஞ்சுக் குழாயா என்று கேட்டார். அதற்கும் சேர்த்து இன்னும் கூட ஏசினேன்.

முதலில் பருப்பு அவிய மறுத்தது. பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஒருநாள் தேத்தண்ணியை வாயில் வைத்தேன், ஏதோ ஒன்று நாக்கின் ஓரத்தில் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் இவரிடம் கேட்டால் என்ன பிரயோசனம், முப்பத்தைந்து வருசமாக நான் எதைக் கொடுத்தாலும் பேசாமல் குடிக்கிற மனிசன். பின்னேரம் அவள் வந்தபோது, குடித்துப் பார் பிள்ளை, சவர் தட்டுகிறதா என்று கேட்டேன். வாளியில் இருந்து கையால் அள்ளி ஒரு மிடறு குடித்தாள்.

“ஒண்டுமில்லை அக்கா. உங்கடை வாய்தான் சரியில்லை. காய்ச்சல் வரப்போகுது போலை.”

ஊர் முழுக்கச் சொல்கிற குற்றச்சாட்டுத்தானே என்று சிரித்துவிட்டு இருந்தேன். ஆனால் மூன்று நாளில் இவரே கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். குழந்தை பிறக்க இன்னும் இரண்டு கிழமை.

எங்களுக்குக் கிணற்றுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். இறைப்பது. பூனை விழுந்தாலும் இறைப்போம், வெள்ளம் ஏறினாலும் இறைப்போம். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையில்லாத வீட்டைப் பார்த்து அழுவதற்கு முன்னமே கிணற்றை இறைத்தவர்கள் நாங்கள். பழைய தண்ணி போனால் புதுத்தண்ணி வரும், அவ்வளவுதான். ஒரு மோட்டர் காணாதென்று இரண்டாவதையும் இரவல் வாங்கினேன். பொறுத்துப் பார்ப்போமே என்று இவர் வாயைத் திறந்தார், நான் ஒரு பார்வை பார்த்தேன். அடிமட்டம் தெரியும்வரை இறைத்து, சேறு வழித்து, கல்லெல்லாம் தேய்த்துக் கழுவினோம். அடுத்த நாள் காலையில் புதுத்தண்ணி ஊறி நின்றது. அவ்வளவு தெளிவாக அந்தக் கிணற்றை நான் கண்டதில்லை. ஆசையோடு அள்ளி வாயில் விட்டேன். விழுங்க முடியவில்லை. கடல்தண்ணிக்கும் அதற்கும் கொஞ்சத் தூரம்தான்.

அந்தக் கிழமையே, குழாய்க்காரரோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை ஒழுங்கைக் கிணறுகளைச் சோதிக்க வந்தாள். காய்ச்சல் பார்க்கிற கருவி மாதிரி ஒன்றை வாளிக்குள் விட்டுப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. கிணற்றை இறைத்தீர்களா என்று கேட்டாள். பெருமையாகத்தான் ஓம் என்றேன். அவள் கல்லில் என் பக்கத்தில் இருந்து மெதுவாக விளங்கப்படுத்தினாள். நல்ல தண்ணி பாரம் குறைந்தது, நிலத்துக்குக் கீழே சவர்த்தண்ணிக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே உள்ளதை அள்ள அள்ளக் கீழே உள்ளது ஏறும். கிடங்கை அத்தனை நாள் இறைத்ததில் முதலில் ஏறியது. மிச்சம் இருந்த கொஞ்ச நல்ல தண்ணியையும் நான் ஒரே நாளில் அள்ளிக் கொட்டிவிட்டேன். இனி மோட்டர் போடாமல், வாளியால் மட்டும் மட்டாக அள்ளி, இரண்டு மாரி பார்த்திருக்கவேண்டுமாம்.

“உங்களிலை மட்டும் பிழையில்லை அன்ரி,” என்றாள்.

அந்த ‘மட்டும்’ என்னைக் குத்தியது. ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம். எத்தனை பேரை நான் ஏசியிருக்கிறேன். அன்றைக்கு என்னை ஏச ஒருவரும் இல்லையே என்றிருந்தது.

பின்னேரம் வழமை போலக் கானோடு என் சிநேகிதி வந்தாள். சொல்லவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. இந்த நீள வாய், ஒரு சொல் வெளியே விடவில்லை. அவள் கானை நிரப்பிக் கட்டிக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். சவரை நிரப்பிக்கொண்டு போகிறவளைப் படலை வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம்கெட்ட பிழைப்பு.

ஐந்தாம் நாள் கற்கண்டோடு வந்தாள். பெட்டைப்பிள்ளை, தாயும் சேயும் சுகம், நாளைக்கு ஆஸ்பத்திரியால் விடுகிறார்கள். கற்கண்டை வாயில் போட்டேன், அழுகை வந்துவிட்டது. ஒன்றுவிடாமல் சொன்னேன். சவர் ஏறிவிட்டது, நான்தான் இறைத்துக் கெடுத்தேன், உன் பேத்திக்குத் தருகிறேன் என்ற தண்ணி இல்லை, என்னை மன்னித்துக்கொள் என்று சொன்னேன்.

அவள் திடுக்கிடவேயில்லை.

“தெரியும் அக்கா. நீங்கள் குடிச்சுப் பார் எண்ட அண்டைக்கே தெரியும். நாங்கள் உப்புக்குள்ளை கிடக்கிற சனம், எங்களுக்குத் தெரியாதே?”

அன்றிலிருந்து அவர்கள் குடிப்பது கோயிலடியில் வந்து நிற்கும் பவுசர் வண்டித் தண்ணியாம். எங்கள் கிணற்றில் நிரப்பிய கானிரண்டையும் கொண்டுபோய்த் தென்னைக்கு ஊற்றியிருக்கிறாள். நிறைகானோடு அந்த மணல் ஒழுங்கையில் சைக்கிளை உருட்டுவது லேசான காரியமில்லை, முழங்கால் நோ உள்ளவள். பிறகேன் காவிக்கொண்டு போனாய் என்று கேட்டேன்.

“வெறுங்கானோடை போனா நீங்கள் தாங்கமாட்டியள்.”

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு எவ்வளவு அன்பு வந்தது என்று எழுதத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பி, ஒரு கானை மட்டும் நிரப்பினாள். பிள்ளைக்கு முதல் குளிப்பு வார்ப்பது இதில்தான், நாளைக்கு நீங்கள்தான் வந்து வார்க்கவேண்டும் என்றாள். சவரடி என்றேன். குடிக்கத்தானே கூடாது, தோலுக்கு என்ன செய்யும், சொன்ன சொல் சொல்தான் என்று சொல்லிக்கொண்டே கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த நாள் போனேன். பவுசர் தண்ணியைச் சூடாக்கி, அதில் எங்கள் கிணற்றுத் தண்ணியையும் கலந்து வைத்திருந்தாள். நானே விரலை விட்டுச் சூடு பார்த்தேன். நீட்டிய என் கால்களில் குழந்தையைக் கிடத்தினார்கள். என் உள்ளங்கை இரண்டும் சேர்ந்த அளவுதான் இருந்தாள். பயந்து பயந்து தலைக்கு வார்த்தேன். நெற்றியால் வழிந்து ஒரு துளி உதட்டில் விழுந்துவிட்டது. சின்ன நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தவள், முகத்தை ஒரு சுளி சுளித்தாள்.

அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாய்க்குத்தான் நல்ல தண்ணி தரவேண்டும் என்று நாள் எண்ணியிருந்தேன். சேலைத் தலைப்பால் அந்த உதட்டை ஒற்றி எடுத்தேன், ஈரம் போன பிறகும் ஒற்றிக்கொண்டே இருந்தேன்.