காத்திருக்காத மிதிவெடி

இன்று ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு வரும்போது பஸ்ஸில் ஒரு யுத்தப் படம் போட்டிருந்தார்கள்.

சிப்பாய் ஒருவன் மிதிவெடியில் காலை வைக்கிறான். 'டிக்' என்கிறது. காலை எடுத்தால்தான் வெடிக்குமாம். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு பேர் மட்டும் சிரித்துவிட்டார்கள்.

ஒருவர் என் பக்கத்தில் இருந்த செல்வம் அண்ணன். எங்கள் தோட்டத்துக்காரர்தான், வன்னியில் புலிகள் இயக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர் முன் சீட்டில், செயற்கைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சிங்களவர், பழைய ஆமிக்காரர் போல.

அவர் திரும்பி, "மிதிவெடி எங்கே காத்திருக்கும்? வைத்தவுடன் கால் போய்விடும்" என்று சிங்களத்தில் சொல்லி, அந்தக் காலைத் தட்டிக் காட்டினார்.

"ஆமா மாத்தயா, எங்களோடது ஒண்ணும் காத்திருக்காது" என்று அண்ணனும் சிங்களத்திலேயே சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

அந்த மனிதர் அண்ணன் பக்கம் நன்றாகத் திரும்பினார்.

"எங்களுடையதும்தான்" என்றார்.

படத்தில் எதிரிப் படைக்காரன் ஒருவன் தவழ்ந்து வந்து, நிற்பவனுக்குத் தண்ணீர் புகட்டினான். இப்போது இருவரும் சிரிக்கவில்லை.

கண்டக்டர் படத்தை நிறுத்திப் பாட்டுப் போடப் போனார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் மேல் பாய்ந்தார்கள்.

வட்டவளை வந்தது. அண்ணன் எழும்பவில்லை. நானும்தான்.

இப்போது கினிகத்தேனையில் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நிற்கிறோம். அந்தச் சிங்களவரும் இங்கேதான் இறங்கினார். பஸ் இங்கே வரைக்கும்தான்; படம் இன்னும் முடியவில்லை.

பார்த்தவர்கள் யாராவது முடிவைச் சொல்லுங்கள்.

"ரெண்டு பேரும் உயிரோட இருந்தா மட்டும் சொல்லச் சொல்லு" என்கிறார் அண்ணன்.