சுவருக்குள் போன பிளக்

என் நாத்தனாரின் கணவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். லீவில் நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கித் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் இன்ஜினியர் ஆகிவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் என் மாமனார் தோல் பதனிடும் ஷாப்பு வருமானத்தில் புது வீடு கட்டினார். சுவர் பூசிக்கொண்டிருந்த சமயத்தில் இவர் வந்தார். கூடவே ஓர் ஓவன் வந்தது. கரண்டில் கேக் சுடுகிற இரும்புப் பெட்டி. அடுக்களையில் அது எங்கே நிற்க வேண்டும், வயர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதெல்லாம் தன் பொறுப்பு என்று தானே சொல்லிக்கொண்டார். அங்கே தினமும் சமைக்கப் போகிறவள் நான். அவரோ தன் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடிக்காதவர்.

கரித்துண்டால் சுவரில் ஒரு சதுரம் போட்டார். அந்த இடத்தைக் குடைந்து ஓவனைப் பதிக்க வேண்டுமாம். பிளக்கும் சுவிட்சும் அதற்குப் பின்னால், குழிக்குள். வெளியே தெரிந்தால் அசிங்கமாம்.

நான் கதவோரம் நின்று கேட்டேன். "அண்ணே, சுவிட்சு பொட்டிக்குப் பின்னாடி இருந்தா அவசரத்துக்கு எப்படிண்ணே அணைக்கிறது?"

அவர் என் மாமனாரைப் பார்த்துச் சிரித்தார். "பினாங்குல எல்லா வீட்லயும் இப்படித்தான் மாமா. முன்னாடி திருகு இருக்கு, திருப்புனா அணையுது. பொம்பளைகளுக்கு அம்புட்டுத் தெரிஞ்சாப் போதும்."

மாமனார் தன் மருமகனை எதிர்த்துப் பேசமாட்டார். என் கணவர் யாரையுமே எதிர்த்துப் பேசமாட்டார். வயர்மேன் வந்து, பினாங்குக்காரர் சொன்ன இடத்தில் பிளக்கை வைத்துவிட்டுப் போனார். ஓவனின் வயர் நீளமாக இருந்தது. வெட்ட மனமில்லாமல், மிச்சத்தைச் சுருட்டி அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே திணித்தார் எங்கள் இன்ஜினியர். பெட்டி சூடானால் முதுகும் சூடாகும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

குடிபோன வாரம் சொந்தக்காரர்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, கேக் சுட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. முட்டை அடித்தவள் நான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கம் சொன்னவர் அவர். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பிறகு பெட்டியின் ஓரங்களில் புகை. திருகைத் திருப்பினார். பின்னால் படபடவென்று பொறி பறக்கும் சத்தம் நிற்கவில்லை. பெட்டியை இழுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். போகிற வேகத்தில் ஒரு வயசாளியைத் தள்ளிவிட்டு ஓடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"யாராச்சும் தண்ணியக் கொண்டாந்து ஊத்துங்கப்பா!"

கரண்டில் பிடித்த நெருப்புக்குத் தண்ணீர்! நான் வாசல் பக்கம் போய் மெயினை அணைத்தேன். சத்தம் நின்றது. புதுச் சுவர் பூராவும் கரி.

"வயர்மேன் பய வேலை சரியில்ல," என்றார், விரலில் வெண்ணெய் தடவிக்கொண்டே. வந்தவர்கள் தலையாட்டினார்கள். மாமனாரும் ஆட்டினார்.

சாயங்காலம் என் கணவர் மெதுவாகக் கேட்டார். "நீ அன்னைக்கே இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல?"

"பக்கத்துலதான நின்னீங்க? உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?"

வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிறவர் மாதிரி எழுந்து போய்விட்டார்.

என் கணவரும் மாமனாரும் வழியனுப்ப, அவர் பினாங்குக்குக் கிளம்பினார். மறுநாளே அதே வயர்மேனை வரச்சொன்னேன். பிளக்கையும் சுவிட்சையும் குழிக்கு வெளியே, அடுப்படியில் நின்றபடியே நான் அணைக்கிற இடத்தில் வைத்தார். புது வயரை அளவாக வெட்டிப் போட்டார். யாரிடமும் நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஓவன் ஒழுங்காக வேலை செய்தது.

அடுத்த லீவில் அவர் வந்தபோது, ரெட்டியார்சத்திரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பரையும் என் அடுக்களைக்கு அழைத்து வந்தார். அந்தச் சுவிட்சைத் தட்டிக் காட்டினார்.

"எடத்தப் பாருங்க. கைக்கு எட்டுற மாதிரி. நாந்தான் பிளான் போட்டுக் குடுத்தேன்."

என் கணவர் அங்கேதான் நின்றார். நண்பர் அசந்துபோய், தங்கள் வீட்டுக்கும் வந்து இடம் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"அதுக்கென்ன, நாளைக்கே வாரேன்," என்றார் இவர்.

டீயை வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். ரெட்டியார்சத்திரத்தில் அந்த அடுக்களைக்குள் நுழையப்போகும் பெண் யாரோ, அவளை நினைத்தால்தான் பாவமாக இருந்தது.