இலக்கம் போட்ட மரங்கள்

மற்றவர் வீட்டைப் பார்க்க வரிசையில் நிற்கும் நாடு இது. வருடத்தில் ஒரு வாரக்கடைசியில் பழைய கட்டடங்களை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். சனம் கையில் கோப்பியோடு ஒரு மணித்தியாலம் காத்து நின்று ஆளில்லாத வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும். ஊரில் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வன்னியில் இருந்த என் தம்பி குணத்திடமிருந்து இரண்டு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசியடியிலேயே கிடந்த என்னை, "வாங்கோப்பா, கொஞ்சம் வெளிக்காத்துப் படட்டும்" என்று மனைவி மலர் அஜின்கோர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து டவுன்டவுனுக்கு இழுத்துவந்தாள்.

மரச்சட்டங்களைப் பூட்டிக் கட்டிய இரண்டு மாடி வீடு. வழிகாட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொரு மரத்திலும் உளியால் வெட்டியிருந்த இலக்கங்களைக் காட்டினார். வீடு முதலில் வேறு தெருவில் இருந்ததாம். கழற்றி, வண்டியில் ஏற்றி, இங்கே இலக்கம் பார்த்துத் திரும்பப் பூட்டினார்களாம்.

"ஏன், சண்டையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் ஒருகணம் முழித்தார். பிறகு, நான் பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார். "இல்லை, தெருவை அகலமாக்கினார்கள்."

குணமும் இதைத்தான் செய்தான். இடம்பெயரும்போதெல்லாம் கூரை மரங்களைக் கழற்றி, தாரால் இலக்கம் போட்டு, டிராக்டரில் ஏற்றிக்கொண்டுதான் வெளிக்கிடுவான். கிளிநொச்சி, விசுவமடு, அதற்கப்பால் பெயர் தெரியாத வயல்வெளிகள். "உயிரைக் காப்பாத்தடா, மரத்தை ஏன் காவுறாய்?" என்று நக்கலடிப்பேன். "மரம் இருந்தா எங்க போனாலும் ஒரு நாளில வீடு நிமித்திப்போடுவன் அண்ணை" என்பான். கடைசியாகத் தொலைபேசி எடுத்தபோது, "மரத்தை விட்டிட்டன் அண்ணை" என்றான். "நல்லதடா, பாரம் குறைஞ்சுது" என்றேன். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

வழிகாட்டி ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். அதில் இலக்கம் இல்லை. "இந்த இடத்து மரம் வழியில் தொலைந்துவிட்டது. புதிதாகச் செய்து போட்டார்கள். வித்தியாசமே தெரியாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இனி வீடு போட ஓரிடமும் இல்லை என்றுதான் குணம் சொல்லியிருக்கிறான். நான் அவனைப் பாராட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"போவமே அப்பா? பின்னால ஆக்கள் நிக்கினம்" என்றாள் மலர்.

"தம்பி இனி எடுக்கமாட்டான், மலர்."

அவள் என் கையைப் பிடித்தாள். எனக்கு வீடு நன்றாகப் பிடித்துப்போயிற்று என்று வழிகாட்டி நினைத்திருக்க வேண்டும். வாசலில் நின்றவர்களை மறித்துவிட்டு, "அவசரமில்லை, விரும்பிய நேரம்வரை இருங்கள்" என்றார். நன்றி சொன்னேன். இருக்கவும் முடியவில்லை, வெளியே போகவும் கால் வரவில்லை.